மேல் பெஞ்சில் முளைத்தவை

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. கடலூரில் கேப்பர் மலை என்று ஒன்றைச் சொல்வார்கள். அதை மலை என்று சொன்னவருக்கு ரொம்பப் பெரிய மனசு. நெய்வேலியில் மட்டும் உண்மையாகவே ஒரு மலை உண்டு, அது நாங்களே கொட்டியது. கரி எடுக்க வேண்டுமானால் மேலே கிடக்கும் மண்ணை வாரி எங்கேயாவது போட வேண்டும். வாரி வாரிப் போட்டதில் மண்மேடு மலையாகிவிட்டது. சரிந்துவிடாமல் இருக்கப் படிக்கட்டு மாதிரி தட்டுத் தட்டாக ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பெஞ்ச் என்று பெயர். கீழ் பெஞ்ச், நடு பெஞ்ச், மேல் பெஞ்ச்.

அந்த மலையில் ஒரு பங்கைக் கொட்டியவர் என் அப்பா பன்னீர்செல்வம். மைன்ஸில் ஸ்ப்ரெடர் ஆப்பரேட்டர். பெல்ட்டில் ஓடி வரும் மண்ணை நீளமான கையால் வீசிப் போடும் யந்திரம் அது. எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. தாத்தா திருவதிகைப் பக்கத்தில் கடைசிவரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றார். அவர் மகன் ஒரு மலையையே கொட்டினார். இந்த விஷயத்தில் அப்பாவுக்கு இருக்கும் திமிர் கொஞ்ச நஞ்சமல்ல, எனக்கும் அதில் பங்கு உண்டு.

என் பெயர் எழில்மதி. பெயரில்தான் எழிலும் மதியும் எல்லாம். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். சிதம்பரத்தில் தாவரவியலில் ஆராய்ச்சி செய்கிறேன். ஆராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொண்ட இடம் அப்பா கொட்டிய மலை. "உலகத்துல காடே இல்லியா உனக்கு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் மற்றவர்கள் போகிறார்கள். நான் நகரியத்தில் பதினாறாவது பிளாக் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போகிறேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

அந்த மண்மேட்டில் ரொம்ப காலத்துக்கு முன்பே சவுக்கும் தைலமரமும் நட்டிருந்தார்கள். அவை நெருக்கமாக வளர்ந்து மேலே கூரை போட்டுவிட்டன. முந்தின வருஷத்துப் புயலில் அங்கங்கே மரங்கள் வேரோடு சாய்ந்தன. கூரையில் ஓட்டை விழுந்தது. வெயில் நேராகத் தரையில் இறங்கியது. இந்த ஓட்டைகளைத்தான் நான் திறப்பு என்று எழுதுகிறேன். திறப்பு விழுந்த இடத்தில் எந்த மரத்தின் கன்று வருகிறது, கீழே எப்படி வருகிறது, உயரம் ஏற ஏற எப்படி மாறுகிறது, இதுதான் என் கேள்வி. ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு திறப்பைத் தேர்ந்தெடுத்து, நான்கு மூலையிலும் கல் ஊன்றி வைத்துக்கொண்டேன்.

கீழ் பெஞ்சில் கன்றுக்குப் பஞ்சமில்லை. ஈரமும் நிழலும் உண்டு, பக்கத்திலேயே ஓடைத் தண்ணீர். கல்யாணப் பந்தி மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நடு பெஞ்சில் அதில் பாதி. மேல் பெஞ்சில் வெயில் மண்டையைப் பிளக்கும், காற்று ஆளைத் தள்ளும். அங்கே என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒரே ஒரு முறை ஏறி வந்தார். கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை விட்டுடும்மா, ரெண்டு பெஞ்ச் போதும்" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

நான் விடவில்லை. மேலே கன்றுகள் இருந்தன. கொஞ்சம்தான். பந்தியில் ஒரு வரிசைக்கு இலை போடும் அளவு. வேம்பு, நுணா, நாவல், ஒன்றிரண்டு பாலை. யாரும் நட்டவை அல்ல. குயிலும் மைனாவும் வௌவாலும் தின்றுவிட்டுப் போட்ட விதை. முழங்கால் உயரம்கூட இல்லை, ஆனால் இருந்தன. சூரியனையே பார்க்காத ஆழத்திலிருந்து வாரிக் கொட்டிய மண்ணில், ஒரு கை தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் நின்றன. எனக்கு அவை மேல் வந்த பிரியத்தை ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மஞ்சள் ரிப்பன் கட்டி வைத்தேன்.

பிரச்சினை மதிவாணன் சாரிடமிருந்து வந்தது. மைன்ஸில் தோட்டக்கலைப் பிரிவின் அதிகாரி. நல்ல மனிதர். நல்ல மனிதரோடு சண்டை போடுவதுதான் உலகத்திலேயே கஷ்டம். மேல் பெஞ்சில் மரம் விழுந்த இடம் மொட்டையாகத் தெரிகிறது, மண் அரித்துக்கொண்டு போகும், அதனால் ஜேசிபி வைத்து வரிசையாகக் குழி எடுத்து நர்சரிக் கன்றுகளை நடப் போகிறேன் என்றார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் தப்பே இல்லை. ஆனால் ஜேசிபி ஒரு முறை ஏறி இறங்கினால் என் கன்றுகள் மண்ணோடு மண்.

"மேல தானாவே கன்னு வந்திருக்கு சார்," என்றேன்.

"கீழ வரும்மா. கீழ வேணா அப்படியே விட்டுடலாம். மேல வர்றது ஒரு கோடையைத் தாண்டாது."

"தாண்டியிருக்கு சார். நான் பார்த்துட்டுதான் சொல்றேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சென்னையிலேர்ந்து கமிட்டி வருது. காடு வளர்ப்பைப் பார்க்க. நான் வாக்கு குடுக்கிறேன். மேல் பெஞ்சுல தானா வந்த கன்னை அவங்க கண்ணால பார்த்து, விட்டுடலாம்னு சொல்லட்டும், நான் குழி எடுக்கல. அவங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியலேன்னா அன்னைக்கே ஜேசிபி ஏறிடும். சரியா."

சரி என்றேன். என் ஒரு வருஷ வேலையும் அந்தக் கன்றுகளின் உயிரும் ஒரே நாளில் வந்து நின்றுவிட்டன. ஆனாலும் பயமில்லை. இருக்கிறதைக் காட்டுவதில் என்ன பயம்.

கமிட்டி வருவதற்கு முந்தின நாள் காலையில் மேல் பெஞ்சுக்குப் போனேன். போனவள் வண்டியை ஸ்டாண்டு போட மறந்து கீழே போட்டேன்.

என் திறப்பு சுத்தமாக இருந்தது. அப்படி ஒரு சுத்தம். கல்யாண வீட்டு வாசல் மாதிரி கூட்டிப் பெருக்கி, விளக்குமாற்றுக் கோடு தெரிந்தது. ஒரு புல் இல்லை. ஒரு கன்று இல்லை. நான் ஊன்றிய நான்கு மூலைக் கல்லுக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தது. நடுவில் இரண்டு குரோட்டன்ஸ். சுற்றி நின்ற சவுக்கு மரங்களின் இடுப்பில் என் மஞ்சள் ரிப்பன்கள் வரிசையாகப் பறந்துகொண்டிருந்தன.

செல்லக்கிளி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். தோட்ட வேலை பார்க்கும் கான்ட்ராக்ட் பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. நகரியத்தில் பெரியவர்கள் யார் வந்தாலும், அதற்கு முந்தின நாள் அவள் ராஜ்ஜியம். புல்லைச் செதுக்குவாள், கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பாள், குரோட்டன்ஸ் தொட்டிகளைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து அங்கேயே முளைத்த மாதிரி ஆக்கிவிடுவாள். அவள் கை பட்ட இடத்தைக் குறை சொன்ன அதிகாரி இதுவரை பிறக்கவில்லை என்று அவளே சொல்லுவாள்.

"எப்பிடி இருக்குது டாக்டரம்மா," என்றாள். "ஆளு சேர்த்துப் போட்டு மூணு பெஞ்சுலயும் உன் எடத்த செதுக்கியாச்சு. பாவம், நீ ஒண்டியா அந்தக் குப்பையில குந்திகினு கெடந்த. வர்றவங்க பார்த்தா உன்னை என்னா நெனைப்பாங்க."

நான் பேசியதை இங்கே எழுத முடியாது. செல்லக்கிளி அக்கா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்கும் கோபம் வந்தது.

"நீ ரிப்பன் கட்டினா எனக்கு என்னா தெரியும். எங்க வேலையில, எதுக்குக் குறி போட்டிருக்கோ அதை வெட்டணும்னுதான் அர்த்தம். மரத்துல பெயிண்டு பூசினா மரத்த வெட்டுவோம், கெளையில துணி கட்டினா கெளைய வெட்டுவோம். நீயே ஒண்ணு விடாம குறி போட்டு வெச்சிட்டு இப்ப என்னாண்ட சண்டைக்கு வர்றியே. ஒண்ணு வுட்டிருந்தாலும் நீ திட்டுவேன்னுட்டு தேடித் தேடில்ல செதுக்கினேன்."

மரத்துக்குக் குறி என்றால் கோடாலி என்பது இந்த மேட்டில் வேலை பார்க்கும் அத்தனை பேருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. ஆடு அறுக்கிறவனிடம் ஆட்டுக்கு மாலை போட்டு அனுப்பின கதையாகிவிட்டது. ரிப்பன்களை அலசிக் காயவைத்துக் கட்டியிருக்கிறேன் என்று வேறு அவள் சொன்னாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று சாயங்காலம் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, கமிட்டி வருகை தள்ளிவைப்பு என்று மதிவாணன் சாரிடமிருந்து செய்தி வந்தது. அதைப் படித்து எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. காட்ட ஒன்றும் இல்லாதவளுக்குத் தேதி எப்போது இருந்தால் என்ன. ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா, அடுப்படியில் நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார். விஷயத்தை அம்மா சொன்னாள்.

"அதான் அப்பவே சொன்னேன்," என்று ஆரம்பித்தார். "அது நான் கொட்டின மண்ணு. அடியில கெடந்த மண்ணு. அதுல என்னா மொளைக்கும்."

"மொளைச்சுதுப்பா," என்று கத்தினேன். "மொளைச்சுது. ஒங்க மண்ணுலதான் மொளைச்சுது. இப்ப இல்ல."

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "செதுக்கினா மேலதான போச்சு," என்றார். "அடியில என்னா ஆச்சுன்னு பார்த்தியா. அழுதுகினு இருந்தா ஆச்சா. காலையில கடப்பாரைய எடுத்துகினு வரேன். செத்துதா இல்லியான்னு தோண்டிப் பார்த்துட்டு அப்புறம் அழுவ."

ஒன்றைத் தோண்டினால் அந்த ஒன்று போய்விடும். அதற்குத்தான் நான் இத்தனை நாளாக ஒன்றையும் தோண்டாமல் இருந்தேன். இப்போது போவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று மறுநாள் அப்பாவோடு மேலே ஏறினேன். செல்லக்கிளி அக்காவும் வந்து நின்றாள். என்னோடு பேசவில்லை. ஆனால் போகவும் இல்லை.

மூலைக் கல்லிலிருந்து டேப் பிடித்து ஒரு நாவல் கன்று இருந்த இடத்தைக் காட்டினேன். சுண்டுவிரல் நுனி மாதிரி ஒரு வெட்டுவாய் மண்ணோடு மண்ணாகத் தெரிந்தது. அப்பா அதைச் சுற்றிக் கடப்பாரையால் குத்தினார். மண் இறுகிக் கிடந்தது. பனியன் நனைந்தது, மூச்சு வாங்கியது, வேர் முடியவில்லை. கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை போயும் வேர் கீழே போய்க்கொண்டிருந்தது. மேலே இருந்த செடி என் சுண்டுவிரல் பருமன். அடியில் வேர் கேரட் பருமன்.

"இது என்னாடி, ஏமாத்துக் கன்னா இருக்குது," என்றார் அப்பா. "மேல ஒண்ணுமில்ல, எல்லாத்தையும் கீழ பதுக்கி வெச்சிருக்குது."

கடைசியில் வேர் ஓர் இடத்தில் முறிந்துதான் வந்தது. கழுவிப் பார்த்தேன். வேரும் தண்டும் சேரும் கழுத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக முடிச்சுகள், பழைய வெட்டுக் காயம் ஆறிய தழும்புகள். இந்தக் கன்று இதற்கு முன்பும் வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரு முறை அல்ல.

"அக்கா," என்றேன். "இந்த இடத்தை இதுக்கு முன்னாடி எப்ப செதுக்கினீங்க."

செல்லக்கிளி அக்கா முறைப்பாகவே பதில் சொன்னாள். "வருசா வருசம்தான். பெரியவங்க வந்தா இங்க நின்னுதான மைன்ஸ எட்டிப் பார்ப்பாங்க. இங்க மட்டும் வருசம் ஒரு தபா செதுக்கிடுவோம். சவுக்கு நிழல்ல மொளைக்கிற குப்பை எல்லாத்தையும்."

நான் வேரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். புயல் வந்து திறப்பு விழுந்தது, பிறகு விதை வந்தது, பிறகு கன்று வந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பேராசிரியரும் அப்படித்தான் நினைத்தார். இந்தக் கன்று புயலுக்கு ரொம்ப முன்பே இங்கே இருந்திருக்கிறது. சவுக்கு நிழலில் முளைத்து, வருஷா வருஷம் செதுக்கப்பட்டு, கோடையில் கருகி, ஒவ்வொரு முறையும் மேலே விட்டதைக் கீழே சேர்த்துக்கொண்டே காத்திருந்திருக்கிறது. புயல் கூரையைத்தான் திறந்தது. ஆட்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். வெயில் பாதி, செல்லக்கிளி அக்கா பாதி, இரண்டு பேரும் சேர்ந்து இந்த வேர்களை வளர்த்திருக்கிறார்கள்.

கீழ் பெஞ்சுக்கு ஓடினேன். அங்கே ஒரு நாவலின் அடிக்கட்டையை விரலால் நெம்பினேன். சுலபமாக வந்துவிட்டது. மெல்லிய வேர், ஒரு சாண். ஈரமும் நிழலும் இருக்கிற இடத்தில் ஆழம் போக அதற்கு என்ன தேவை. எல்லாத் தெம்பையும் மேலே போட்டு அண்டை அசலோடு போட்டி போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

நான் மேலே திரும்பி வந்து செல்லக்கிளி அக்காவைக் கட்டிக்கொண்டேன். அவள் பதறிப்போய், "யண்ணா, உம் பொண்ணுக்கு என்னா ஆச்சு" என்று அப்பாவைக் கேட்டாள்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் நினைப்பு சரியா என்று மழைதான் சொல்ல வேண்டும். வேர் இருப்பது வேறு, துளிர்ப்பது வேறு. மதிவாணன் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டது பெரிய விஷயம். "கமிட்டி வர்ற வரைக்கும் ஜேசிபி ஏறாது. அதான் வாக்கு," என்றார். "ஆனா வேரைக் காட்டி நான் யாருக்கும் கணக்கு சொல்ல முடியாதும்மா. பச்சையா ஏதாவது வேணும்."

மழை வந்தது. கொட்டோ கொட்டென்று கொட்டியது. நகரியத்தில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள், நான் ரெயின்கோட்டோடு மேட்டில் ஏறினேன். கீழ் பெஞ்ச் உடனே பச்சையானது. கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாம் உன்னிச்செடியும் புல்லும். என் கன்றுகளில் ஒன்றிரண்டுதான் அதற்குள் மூச்சுத் திணறிக்கொண்டு தலை நீட்டின. நடு பெஞ்சில் பாதிக்குப் பாதி. மேல் பெஞ்சில் ஒன்றும் இல்லை. தினமும் போனேன், தினமும் ஒன்றும் இல்லை. செல்லக்கிளி அக்கா குடை பிடித்துக்கொண்டு கூடவே வர ஆரம்பித்தாள். "வரும் டாக்டரம்மா" என்பாள். பிறகு, "வருமா" என்பாள். வராது என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. அப்பா மட்டும் என்னிடம் ஒன்றும் கேட்காமல் இருந்தார்.

மழை விட்டு முதல் வெயில் அடித்த காலையில் செல்லக்கிளி அக்கா எனக்கு முன்னாலேயே மேலே நின்றாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரை முழுக்கச் செம்புநிறப் பொட்டுகள். வேப்பங்கொழுந்து. தள்ளி, நாவலின் சிவந்த துளிர். நுணாவின் பளபளப்புப் பச்சை. வெட்டின இடத்தில் ஒன்று அல்ல, இரண்டு மூன்று என்று கிளம்பியிருந்தன. டேப்பை எடுத்து ஒவ்வொரு இடமாகப் போனேன். பாலை ஒன்று மட்டும் வரவில்லை, அப்பா தோண்டிய நாவல் வரவில்லை. மற்ற எல்லாம் வந்துவிட்டன. கீழ் பெஞ்சில் கூட்டமாக இருந்தவை ஒரு செதுக்கலில் போய்விட்டன. யாரும் மதிக்காத மேல் பெஞ்சில் இருந்தவை கிட்டத்தட்ட அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. வேண்டுமென்றே இப்படி ஒரு சோதனை செய்ய எனக்கு எந்தப் பேராசிரியரும் அனுமதி தந்திருக்க மாட்டார். அதை எனக்குச் செய்து கொடுத்தவள் குடையை மடக்கிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கமிட்டியின் புதுத் தேதி வந்தபோது துளிர்கள் முழங்காலைத் தொட்டிருந்தன. நான் செல்லக்கிளி அக்காவைத் தனியாக அழைத்து, "இந்தத் தடவை செதுக்கினீங்கன்னா நான் மேட்டு மேலேர்ந்து குதிச்சிடுவேன்" என்றேன்.

"குதி. கீழ உன்னிச்செடிதான் இருக்குது, அடி படாது," என்றாள். பிறகு தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். "உன் எடத்துல ஒரு புல்லத் தொட மாட்டேன். ஆனா வர்ற வழி வழிதான். அத நான் செய்யாம இருக்க முடியாது."

கமிட்டிக்குத் தலைவர் சந்திரா மேடம். காட்டிலாகாவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டி, கான்வாஸ் ஷூ போட்டு, மற்றவர்கள் ஜீப்பிலிருந்து இறங்கும் முன்பே நடக்க ஆரம்பித்தார். மேல் பெஞ்ச் ஏறும் பாதையில் ஜேசிபி தயாராக நின்றது. ஓட்டுநர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பாதையின் இரண்டு பக்கமும் செல்லக்கிளி அக்காவின் கைவண்ணம், சுண்ணாம்புக் கல்லும் குரோட்டன்ஸுமாக.

சந்திரா மேடம் ஒரு குரோட்டன்ஸ் முன்னால் நின்றார். குனிந்தார். இரண்டு விரலால் தண்டைப் பிடித்து மேலே தூக்கினார். செடி தொட்டியோடு வந்தது. பிளாஸ்டிக் தொட்டி, அடியில் நர்சரியின் நம்பர் ஒட்டியிருந்தது.

மதிவாணன் சார் வானத்தைப் பார்த்தார். செல்லக்கிளி அக்கா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"நான் சர்வீஸ்ல இருந்தப்ப எத்தனை வனம் பார்த்திருக்கேன் தெரியுமா," என்றார் மேடம் சாதாரணமாக. "காலையில நட்டு, நான் போன பிறகு சாயங்காலம் புடுங்கற வனம்." தொட்டியை அப்படியே வைத்துவிட்டு மேலே ஏறினார்.

என் திறப்புக்கு வந்து நின்றோம். தழும்பு, வேர், காத்திருந்தது, திரும்பி வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. நான் முடித்ததும் சுற்றிலும் பார்த்தார்.

"இந்த உயரத்துல, இந்த மண்ணுல, தானா."

"ஆமாங்க மேடம்."

"எல்லாம் ஒரே உயரம். எல்லாம் புதுத் துளிர். நேத்து நர்சரியிலேர்ந்து கொண்டுவந்து சொருகினா எப்படி இருக்குமோ அப்படி இருக்கு."

கீழே ஜேசிபி ஓட்டுநர் இன்ஜினை முடுக்கும் சத்தம் கேட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். செல்லக்கிளி அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"இரு," என்றாள் என் காதுக்குள். "இழுத்துப் பார்க்கட்டும்."

சந்திரா மேடம் ஒரு நாவல் கன்றின் முன்னால் குனிந்தார். குரோட்டன்ஸைத் தூக்கின மாதிரியே இரண்டு விரலால் அடித்தண்டைப் பிடித்து மேலே இழுத்தார். கன்று வரவில்லை. கையை மாற்றி முழுக்கையால் பிடித்து இழுத்தார். வரவில்லை. கைப்பையை மதிவாணன் சாரிடம் கொடுத்தார். காலை அகட்டி வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து இழுத்தார். அவர் ஷூதான் மண்ணில் வழுக்கியது. கை நழுவி, அந்த அம்மாள் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தார்.

கமிட்டிக்காரர்கள் ஓடி வந்தார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டினார். உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் உள்ளங்கையைப் பார்த்தார். அது சிவந்திருந்தது. அதில் இரண்டு நாவல் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. கன்று நின்ற இடத்திலேயே நின்றது. எட்டி இன்னொரு வேம்பைப் பிடித்து இழுத்தார், அதுவும் அசையவில்லை. பக்கத்தில் இருந்த நுணாவையும் விடவில்லை. பிறகு சிரித்தார். உடம்பு குலுங்க, மூச்சு வாங்க, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

"மதிவாணன்," என்றார், சேற்றிலிருந்து எழுந்திருக்காமலே. "என்னாலயே புடுங்க முடியாததுக்கு நீங்க எதுக்குய்யா குழி எடுக்கணும்."

மதிவாணன் சார் கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனை எடுத்தார். முகமெல்லாம் சிரிப்பாக, "ஜேசிபியைத் திருப்பிடுங்க" என்றார். "ஆமா. மேல வேலை இல்ல. எப்பவும் இல்ல."

நான் கமிட்டி முன்னாலேயே விரலை மடக்கி வாயில் வைத்து விசில் அடித்தேன். கீழே ஜேசிபி பின்னால் நகர்ந்து, பாதையில் வளைந்து, செல்லக்கிளி அக்காவின் குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக நசுக்கிக்கொண்டு இறங்கிப் போனது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. அவளும் விசில் அடித்துக்கொண்டிருந்தாள்.